தொலைவின் விலை: இணைய விநியோகத்தின் ஒரு சிறு வரலாறு

ஓர் எழுத்து, எழுதப்பட்ட இடத்திலிருந்து வாசிக்கப்படும் இடத்துக்குச் சென்று சேர வேண்டுமானால், யாரோ ஒருவர் வழிச்செலவு கொடுத்தாக வேண்டும். இதழ்களின் வரலாற்றில் ஆசிரியர்களைப் பற்றியும் அச்சகங்களைப் பற்றியும் தடைச்சட்டங்களைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அஞ்சல் வில்லையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. முந்நூறு பிரதிகள் அச்சிட்டு, உறைகளில் முகவரி எழுதி, வில்லை ஒட்டக் காசில்லாமல் அவற்றை அடுக்கி வைத்துக் காத்திருந்த சிற்றிதழ்க்காரர்களுக்கு அதன் கனம் தெரியும்.

1792ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசு இயற்றிய அஞ்சல் சட்டத்தை இங்கே நினைவுகூரலாம். அச்சட்டத்தின்படி ஒரு கடிதத்தை 450 மைலுக்கு அப்பால் அனுப்ப 25 சென்ட் ஆனது. செய்தித்தாளுக்கோ 100 மைல் வரை ஒரு சென்ட், அதற்கு மேல் எவ்வளவு தொலைவானாலும் ஒன்றரை சென்ட். கடிதம் எழுதியவர்கள் கொடுத்த காசில் செய்தித்தாள்கள் பயணம் செய்தன. செய்தி பரவாமல் குடியரசு நிலைக்காது என்று கருதிய அரசு, தொலைவின் விலையை எழுத்தின் தலையிலிருந்து இறக்கி வேறிடத்தில் வைத்தது. இந்தியாவிலும் பதிவு பெற்ற இதழ்களுக்குச் சலுகை அஞ்சல் கட்டணம் உண்டு என்பதை வாசகர் அறிவர்.

இணையம் வந்தபோது, தொலைவு என்ற ஒன்றே ஒழிந்துவிட்டதாக நம்மில் பலர் நம்பினோம். அது ஒழியவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். அந்தத் தொலைவுக்கு இன்று யார் விலை கொடுக்கிறார்கள், அந்தக் கணக்கு எப்படி மாறி வந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது. இணையத்தில் இதழ் நடத்தும் எவருக்கும் இது வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று.

புகழ் என்னும் தண்டனை

கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. நியூயார்க்கிலுள்ள ஒரு வழங்கிக்கும் சென்னையிலுள்ள வாசகருக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 13,500 கிலோமீட்டர். ஒரு கேள்வி போய் விடை வரக் குறைந்தது 0.135 நொடி ஆகும். ஒரு பக்கம் திறப்பதற்குமுன் இத்தகைய போக்குவரத்து பலமுறை நிகழ்கிறது. கம்பிவடங்களும் நேர்க்கோட்டில் கிடப்பதில்லை. எவ்வளவு விலையுயர்ந்த வழங்கியை வாங்கினாலும் இந்தக் காலத்தைக் குறைக்க முடியாது. வாசகருக்கு அருகில் ஒரு நகலை வைப்பது ஒன்றே வழி.

இரண்டாவது சிக்கல் கூட்டம். அச்சு இதழில் பிரதி தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது. ஆசிரியருக்கு அது நற்செய்தி. இணையத்தில் வாசகர் ஒவ்வொருவரும் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் வெளியிட்டவரின் கணக்கில் செலவு ஏறுகிறது. ஓர் எளிய தளத்தை 1997இல் தொடங்கிய ‘ஸ்லாஷ்டாட்’ போன்ற பெரிய தளம் ஒன்று சுட்டிவிட்டால், சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கானோர் வந்து மோதுவர், தளம் முடங்கும். ‘ஸ்லாஷ்டாட் விளைவு’ என்று இதற்குப் பெயரே ஏற்பட்டது. ஆய்வாளர்கள் இதை ‘ஃப்ளாஷ் க்ரவுட்’ என்றார்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளர் லாரி நிவன் 1973இல் எழுதிய குறுநாவல் ஒன்றின் தலைப்பு அது. நொடியில் இடம்பெயர உதவும் சாவடிகள் ஊரெங்கும் இருக்கும் ஓர் உலகத்தில், எங்கு எது நடந்தாலும் அங்கே மக்கள் வந்து குவிந்துவிடுகிறார்கள் என்பது கதை. இணையத்தின் ஒரு நோய்க்கு இலக்கியம் கால் நூற்றாண்டுக்கு முன்பே பெயர் சூட்டி வைத்திருந்தது.

தொடக்க காலத்தில் இதற்கு மருந்தாக இருந்தவை ‘கண்ணாடித் தளங்கள்’. ஒரு பல்கலைக்கழகத்திலுள்ள கோப்புத் தொகுப்பை இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகம் அப்படியே படியெடுத்து வைத்துக்கொள்ளும். 1995இல் தொடங்கிய பெர்ல் மொழி நிரல் தொகுப்பு இவ்வாறே உலகெங்கும் பரவியது. 1996 முதல் ‘ஸ்க்விட்’ என்ற இலவச மென்பொருளின் உதவியால், ஒருவர் கேட்ட பக்கத்தை அடுத்தவருக்காகச் சேமித்து வைக்கும் வழக்கமும் நிறுவனங்களில் வேரூன்றியது. இங்கே விலை கொடுத்தவை பல்கலைக்கழகங்கள். அவற்றின் தாராள மனம்தான் முதல் விநியோக வலையமைப்பு எனலாம். ஆனால் அது மென்பொருள்களுக்கும் ஆவணங்களுக்கும் கிடைத்த தாராளம். நேற்றிரவு எழுதப்பட்ட ஒரு கட்டுரைக்கு அது கிடைக்கவில்லை.

ஒரு கணிதச் சிக்கலும் ஒரு மரணமும்

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1995இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தம் சகாக்களிடம் இந்த நெரிசலுக்கு ஒரு தீர்வு காணுமாறு கேட்டார். அதை ஏற்றுக்கொண்டவர் அங்கே பயன்முறைக் கணிதப் பேராசிரியராக இருந்த டாம் லெய்ட்டன். அவருடன் இணைந்தார் ஓர் ஆய்வு மாணவர். அவர் பெயர் டேனியல் லெவின்.

அவர்கள் எதிர்கொண்ட கேள்வியை நூலகத்தைக் கொண்டு விளக்கலாம். லட்சம் நூல்களை நூறு அலமாரிகளில் பிரித்து வைக்கிறோம். எந்த நூல் எந்த அலமாரியில் என்பதை ஒரு கணக்குச் சூத்திரம் சொல்லும். ஓர் அலமாரி உடைந்து 99 ஆகிவிட்டால், சாதாரணச் சூத்திரத்தின்படி ஏறக்குறைய எல்லா நூல்களையும் இடம் மாற்ற நேரும். இணையத்திலோ ஏதாவது ஒரு வழங்கி எப்போதும் பழுதாகிக்கொண்டே இருக்கும். லெய்ட்டன், லெவின், டேவிட் கார்கர் முதலான அறுவர் 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, அலமாரிகளையும் நூல்களையும் ஒரே வட்டத்தின் மேல் புள்ளிகளாக அமைத்தது. ஒவ்வொரு நூலும் தனக்கு அடுத்து வரும் அலமாரிக்கு உரியது. ஓர் அலமாரி மறைந்தால் அதிலிருந்த நூல்கள் மட்டும் அடுத்ததற்குப் போகும், மற்றவை அசையா. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த எண்ணத்தின் மேல்தான், உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான வழங்கிகளை ஒரே நூலகம்போல இயக்குவது சாத்தியமாயிற்று.

1998 ஆகஸ்டில் ‘அகமாய்’ நிறுவனம் பிறந்தது. ஹவாய் மொழியில் ‘அறிவுக்கூர்மை’ என்று பொருள்படும் சொல் அது. 1999 அக்டோபரில் 26 டாலர் விலையில் வெளியிடப்பட்ட அதன் பங்கு, முதல் நாள் மாலையிலேயே 145 டாலரில் நின்றது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் வணிக மையத்தில் மோதிய முதல் விமானத்தில் லெவின் பயணம் செய்தார். அப்போது அவருக்கு வயது 31. இஸ்ரேலிய ராணுவத்தின் சிறப்புப் படையில் பணியாற்றியிருந்த அவர், கடத்தல்காரர்களைத் தடுக்க முயன்று, அந்நாளில் முதலாவதாகக் கொல்லப்பட்டவராக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. அதே நாளில் உலகம் முழுவதும் செய்தித் தளங்களை நோக்கிப் பாய்ந்தது. பல தளங்கள் திணறி நின்றன. கூகிள் தன் முகப்பிலேயே செய்திப் பக்கங்களின் சேமித்த நகல்களைத் தொங்கவிட்டது. லெவின் வாழ்வைக் கொடுத்து ஆராய்ந்த அந்தச் சிக்கல், அவர் இறந்த நாளில்தான் தன் முழு உருவத்தையும் காட்டிற்று.

இவ்வளவும் பெரியவர்களுக்கான தீர்வு. ஒப்பந்தம் போட்டு, பெருந்தொகை கட்டக்கூடிய செய்தி நிறுவனங்களுக்கும் வணிகத் தளங்களுக்கும் உரியது. சிறு தளங்கள் வாசலில்தான் நின்றன.

கோரல்: விகுதி சேர்த்தால் போதும்

அந்த வாசலைத் திறக்க முயன்றது, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஃப்ரீட்மன், எரிக் ஃப்ராய்டென்தால், டேவிட் மாசியர்ஸ் ஆகியோர் உருவாக்கி 2004 மார்ச்சில் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட ‘கோரல்’. பதிப்பை மக்களாட்சிமயமாக்குவது என்பதையே தங்கள் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் அவர்கள் அறிவித்துக்கொண்டார்கள்.

அதைப் பயன்படுத்தக் கணக்கோ கட்டணமோ அனுமதியோ தேவையில்லை. தளப்பெயரின் ஈற்றில் ஒரு சிறு விகுதியைச் சேர்த்தால் போதும்; அந்தப் பக்கம் மூலத் தளத்திலிருந்து ஒருமுறை எடுக்கப்பட்டு, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்திய ‘பிளானட்லேப்’ என்ற ஆய்வு வலையமைப்பின் கணினிகள் வழியாக எல்லோருக்கும் வழங்கப்படும். விகுதியைத் தளத்தின் உரிமையாளர்தான் சேர்க்க வேண்டும் என்பதில்லை. ஒரு சிறு தளத்தைப் பிறருக்குச் சுட்டிக்காட்டுபவரே, அது நெரிசலில் முடங்கிவிடக் கூடாது என்ற அக்கறையோடு அதைச் சேர்த்துவிடலாம். பிறர் வீட்டுக்கு நாம் அனுப்பும் விருந்தினருக்கு நாமே இலை போட்டு உபசரிப்பது போன்ற ஒரு நாகரிகம் அது.

அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் நம் மக்களை வாரிக்கொண்டு போன அதே கடல், இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் ஏறியதைச் சுற்றுலாப் பயணிகளும் பொதுமக்களும் கையடக்கப் படக்கருவிகளில் பதிவு செய்திருந்தனர். யூடியூப் அப்போது இல்லை; 2005இல்தான் அது தோன்றியது. அந்தக் காணொளிகள் சிலரின் சொந்தத் தளங்களில் ஏற்றப்பட்டன. உலகம் அவற்றைப் பார்க்க விரைந்தபோது அத்தளங்கள் தாங்கவில்லை. கோரல் சந்தித்த முதல் பெருங்கூட்டம் அதுவே. பேரழிவின் சாட்சியங்கள் பலரைச் சென்றடைய ஒரு மாணவ ஆய்வுத் திட்டம் தோள்கொடுத்தது.

பின்னாளில் நாளொன்றுக்குப் பல பத்து லட்சம் பயனர்களுக்குக் கோரல் பணியாற்றியது. பிளானட்லேப் முழுவதன் தரவுப் போக்குவரத்தில் பாதிக்கும் மேல் அதனுடையதாக இருந்தது. எனினும் ஆய்வு நிதியால் நிற்கும் ஒரு பொதுச் சத்திரம் எவ்வளவு காலம் நடக்கும்? 2015 வாக்கில் கோரல் ஓய்ந்தது. பிளானட்லேப்பும் 2020இல் மூடப்பட்டது.

சந்தையின் வருகை

சத்திரம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் தெருவுக்கு எதிர்ப்புறம் கடைகள் திறந்தன. அமேசான் 2006 மார்ச்சில் தொடங்கிய ‘எஸ் 3’ சேவை, ஒரு கிகாபைட்டைச் சேமிக்க மாதம் 15 சென்ட், அனுப்ப 20 சென்ட் என்று விலைப்பலகையை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியது. 2008 நவம்பரில் வந்த ‘கிளவுட்ஃப்ரண்ட்’ அதே முறையில் விநியோக வலையமைப்பையும் விற்றது. ஒப்பந்தம் இல்லை, பேரம் இல்லை, குறைந்தபட்சக் கட்டணம் இல்லை. பயன்படுத்திய அளவுக்குக் காசு. 2013இல் மும்பையிலும் சென்னையிலும் அதன் நகல் நிலையங்கள் அமைந்தன. 2021 டிசம்பர் முதல் மாதம் ஒரு டெராபைட் வரை இலவசம் என்றும் அறிவிக்கப்பட்டது.

ஆனால் அளவுக்கேற்ற கட்டணத்தில் ஒரு பழைய அச்சம் மிச்சமிருக்கிறது. எதிர்பாராத கூட்டம் வந்தால் தளம் விழாது. அதற்குப் பதில் கட்டணச் சீட்டு விழும்.

2010 செப்டம்பரில் அறிமுகமான ‘கிளவுட்ஃப்ளேர்’ இந்த அச்சத்தையும் நீக்கியது. மேத்யூ பிரின்ஸ், லீ ஹாலோவே, மிஷெல் ஸாட்லின் மூவரும் தொடங்கிய அந்நிறுவனம், போக்குவரத்தின் அளவைக் கணக்கிடாமல் சிறு தளங்களுக்கு இலவசமாகவே சேவை அளித்தது. 2014 செப்டம்பரில் மறையாக்க வசதியையும் இலவசமாக்கியது. இது தருமம் அன்று என்பதை அந்நிறுவனமே மறைக்கவில்லை. லட்சக்கணக்கான சிறு தளங்கள் உள்ளே இருந்தால், புதிய தாக்குதல்கள் எங்கிருந்து எப்படி வருகின்றன என்பது முதலில் அங்கேதான் தெரியும். அந்த அறிவைப் பெரிய வாடிக்கையாளர்களுக்கு விற்கலாம். பெரும் போக்குவரத்தைக் கையில் வைத்திருப்பவரோடு இணையச் சேவை நிறுவனங்களும் நேரடியாக இணைந்துகொள்ள முன்வரும். அதனால் அனுப்பும் செலவு குறையும். 1792இல் கடிதம் எழுதியவர்கள் செய்தித்தாளுக்கு வழிச்செலவு கொடுத்தார்கள். இன்று பெருநிறுவனங்கள் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு கவிதைத் தளம் பயணம் செய்கிறது. கணக்கு ஒன்றே. அன்று அதை எழுதியது சட்டம். இன்று எழுதுவது ஒரு நிறுவனத்தின் வணிகத் தீர்மானம்.

இலவசத்தின் விலை

இந்த வேறுபாடு சாதாரணமானதன்று. 2017 ஆகஸ்டில் நவநாஜித் தளம் ஒன்றைக் கிளவுட்ஃப்ளேர் தன் வலையமைப்பிலிருந்து வெளியேற்றியது. அத்தளத்துக்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவைத் தனியொருவராக எடுத்த பிரின்ஸே, இத்தகைய அதிகாரம் யாரிடமும் இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று வெறுப்பைப் பரப்பியவரை வெளியேற்றிய கை, நாளை வேறொரு நெருக்கடியில் வேறு யாரை வெளியேற்றும் என்பதற்கு உத்தரவாதம் அளிக்கும் சட்டம் ஏதுமில்லை. அஞ்சல்காரர் கடித உறையைப் பிரிப்பதில்லை. இங்கே இடையிலுள்ள நிறுவனம் மறையாக்கத்தைத் திறந்து, மீண்டும் மூடித்தான் அனுப்புகிறது என்பதும் அறிய வேண்டிய செய்தி.

அடுத்தது, எல்லா முட்டைகளும் ஒரே கூடையில் என்ற நிலை. 2021 ஜூன் 8 அன்று ‘ஃபாஸ்ட்லி’ நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர் முறைப்படி செய்த ஓர் அமைப்பு மாற்றம், உள்ளே ஒளிந்திருந்த பிழையைத் தூண்டிவிட்டது. கார்டியன், நியூயார்க் டைம்ஸ், பிரித்தானிய அரசின் தளம் என உலகின் பெரிய தளங்கள் பல ஒருசேர மறைந்தன. 49 நிமிடங்களில் பெரும்பகுதி மீண்டது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேரில் ஓர் உள்ளமைப்புக் கோப்பு வழக்கத்தைவிட இருமடங்கு பெருத்ததால் அதேபோன்ற இருள் சூழ்ந்தது.

மூன்றாவது ஆபத்து கைமாறுதல். பழைய உலாவிகளுக்கு உதவும் நிரல் துண்டுகளை இலவசமாக வழங்கிவந்த ‘பாலிஃபில்’ என்ற தளத்தின் பெயருரிமை 2024 பிப்ரவரியில் வேறொரு நிறுவனத்துக்குப் போனது. ஜூனில், அந்த முகவரியிலிருந்து நிரலைப் பெற்றுவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குத் தீய நிரல் கலந்து அனுப்பப்படுவது தெரியவந்தது. எப்போதோ ஒருநாள் யாரோ சேர்த்துவைத்த ஒற்றை வரியை நம்பியிருந்த தளங்கள் அவை.

சிறு தளங்கள் செய்யக்கூடியது

இவ்வரலாறு தரும் படிப்பினைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

முதலில், எழுத்து மிக மலிவானது என்பதை உணர வேண்டும். ஒருங்குறியின் வழக்கமான யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளைக் கொள்கிறது. ‘கி’ என்ற எழுத்துக்கு இரண்டு குறிகள், ஆறு பைட்டுகள். ஆங்கிலத்தைவிட இது மிகுதிதான். அப்படியிருந்தும் இரண்டாயிரம் சொற்களுள்ள ஒரு கட்டுரை ஏறத்தாழ 50 கிலோபைட்டில் அடங்கிவிடும். சுருக்கி அனுப்பினால் அதிலும் வெகுவாகக் குறையும். அதாவது ஒரு கிகாபைட்டில் அக்கட்டுரையை இருபதாயிரம் பேர் வாசிக்கலாம். எஸ் 3 சேவையின் 2006ஆம் ஆண்டு விலையிலேயே அதற்கு 20 சென்ட்தான் ஆகியிருக்கும். செலவை ஏற்றுவன கைப்பேசியில் எடுத்து அப்படியே ஏற்றிய படங்கள். அத்தகைய ஒரே படம் ஐம்பது கட்டுரைகளின் எடைக்கு மேல் இருக்கக்கூடும். படங்களைச் சுருக்குவதே எல்லாவற்றிலும் மலிவான விநியோக வலையமைப்பு.

அடுத்து, பழைய இதழ்களின் பக்கங்கள் மாறப்போவதில்லை. அவற்றை நீண்ட காலம் சேமித்து வைக்கலாம் என்று வழங்கியிலும் வலையமைப்பின் அமைப்புகளிலும் குறித்துவிட்டால், இலவச வலையமைப்பு அவற்றை மூலத் தளத்திடம் மீண்டும் மீண்டும் கேட்காது. அளவுக்கேற்பக் கட்டணம் பெறும் சேவையாயின், குறிப்பிட்ட தொகையை எட்டியதும் எச்சரிக்கும் ஏற்பாட்டை முதல் நாளே செய்துகொள்வது நலம்.

எழுத்துருக்களையும் நிரல்களையும் பொது முகவரிகளிலிருந்து பெறும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஒரு தளத்துக்காக இறக்கிய எழுத்துரு அடுத்த தளத்துக்கும் பயன்படும் என்பதே முன்பு அதற்குச் சொல்லப்பட்ட காரணம். குரோம் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021இலும் ஒவ்வொரு தளத்தின் சேமிப்பையும் தனித்தனியே பிரித்துவிட்டதால் அக்காரணம் இப்போது இல்லை. 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, கூகிள் எழுத்துருவை வெளியிலிருந்து பெற்றதன் மூலம் வாசகரின் இணைய முகவரியை அனுமதியின்றிப் பகிர்ந்ததாக ஒரு தள உரிமையாளருக்கு எதிராகத் தீர்ப்பளித்ததையும் மறக்கலாகாது. தமிழ் எழுத்துருவை நம் தளத்திலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லைகள் இல்லை.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. விநியோகத்தைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். மூலத்தை ஒப்படைக்கக் கூடாது. தளத்தின் பெயர் நம் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். எழுத்துகளும் படங்களும் முழுமையாக நம் கையிலும், நம்பத்தக்க நண்பர் ஒருவரின் கையிலும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால், எந்த நிறுவனம் கதவை மூடினாலும் இன்னொன்றின் வழியாக ஓரிரு நாட்களில் மீண்டும் வாசகரிடம் செல்லலாம். இலவசச் சேவைகளை ஐயத்தோடு ஒதுக்குவதில் பயனில்லை. வில்லைக்குக் காசின்றித் தேங்கிய பிரதிகளோடு ஒப்பிட்டால், இக்காலத்துச் சிறு இதழுக்குக் கிடைத்திருக்கும் வசதி பெரிது. அந்த வசதியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மறவாமல் அதைப் பயன்படுத்துவோம்.